ரோலர் டெர்பி: கோச் ஒருவர் போதுமா? நீலகிரியில் ஆரம்பிப்பவர்களுக்கான இழை

கோத்தகிரி_ஸ்கேட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ரோலர் டெர்பி ஆட ஒரு சின்னக் குழு சேர்ந்திருக்கிறது. கல்லூரிப் பெண்கள், வேலைக்குப் போகும் சில பெண்கள், அவர்கள் பின்னாலேயே வரும் பள்ளிப் பிள்ளைகள். நான் சின்ன வயதிலிருந்து ஸ்பீடு ஸ்கேட்டிங் செய்தவன் என்பதால் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரக் காலணி மாட்டி முட்டை வடிவத் தடத்தில் ஆடுவது, அணிக்கு 5 பேர். அதில் ஒருவர் ஜாமர்; ஹெல்மெட் மேல் நட்சத்திரம் போட்ட உறை மாட்டியிருப்பார். மற்ற நால்வரும் பிளாக்கர்கள். கபடியில் ரைடர் தனியாக உள்ளே போய்த் தப்பித்து வருவது மாதிரி, ஜாமர் எதிரணித் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். ஆனால் இங்கே இரண்டு அணி ஜாமர்களும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முதல் தடவை தாண்டுவதற்குப் புள்ளி கிடையாது. அப்புறம் சுற்றி வந்து தாண்டும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. இப்படி ஜாமர்கள் கிளம்பி ஆடும் ஒரு சுற்றுக்குப் பெயர் ஜாம், அது அதிகபட்சம் 2 நிமிடம். ஆட்டம் 30 நிமிடமாக இரண்டு பாதி.

பிரச்சினை இதுதான். ஞாயிறு காலை ஹாலுக்குப் போனால் தரையைத் துடைப்பது, சாக்பீஸால் தடம் போடுவது, பிள்ளைகளின் ஸ்ட்ராப்பை இறுக்குவது, விசில் ஊதுவது, புள்ளி எண்ணுவது, பெற்றோருக்குப் பதில் சொல்வது எல்லாம் ஒரே ஆள். ஒரு பெண் முட்டியை மடக்காமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துத் திருத்தக்கூட நேரம் கிடைப்பதில்லை. இன்னொரு கோச்சைத் தேடலாமா? வேகத்தை முதலில் சொல்லித் தரவா, மோதலையா? பிள்ளைகளைப் பெரியவர்களோடு விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_விசில்:

தம்பி, இன்னொரு கோச் இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஸ்கேட் கட்டாத ஆட்களைச் சேருங்கள்.

நான் வேலை நிமித்தம் மெல்போர்னில் இருந்தபோது டெர்பிக்குள் வந்தவள். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் ஆட்ட நாளில் நான் இல்லாவிட்டால் போன் செய்து தேடுவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு ஸ்கேட் கட்டிய நடுவர்கள் 7 பேர் வரை உண்டு. அவர்களைத் தவிர, தரையில் நிற்கும் அலுவலர்கள் தனி: ஜாம் டைமர், புள்ளி எழுதுபவர்கள், எந்த ஜாமில் யார் இறங்கினார் என்று குறிப்பவர்கள், தவறுகளைப் பதிபவர், தண்டனைப் பெட்டியைப் பார்ப்பவர்கள், ஸ்கோர்போர்டு ஓட்டுபவர். அத்தனை பேரும் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள்.

இது காசில்லாத குறையால் வந்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். 1935ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் ஆரம்பித்த டெர்பி, டிக்கெட் போட்டு நடத்திய காட்சி. ஆடுகிறவர்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். அந்தத் தொழில் பின்னால் படுத்துவிட்டது. 2001ல் டெக்சாஸில் ஆஸ்டின் நகரப் பெண்கள் மறுபடி எடுத்தபோது, நாமே நடத்துவோம் என்று கிளம்பினார்கள். 2004ல் உருவாகி, பிறகு மகளிர் ஃபிளாட் டிராக் டெர்பி சங்கம் என்று பெயர் பெற்ற அமைப்பும் அந்த அடிப்படையில் எழுந்ததுதான். ஆடுகிறவரே போஸ்டர் ஒட்டுவார், கணக்கு எழுதுவார், அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக நிற்பார். ஆகவே உங்கள் குழுவில் தரை துடைப்பது கோச் வேலை என்று ஆகிவிட்டால், ஆரம்பத்திலேயே டெர்பியின் பாதியை விட்டுவிடுகிறீர்கள்.

தண்டனைப் பெட்டி வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அது. நடுவர் நீளமாக ஒரு விசில் ஊதி, ஆட்டக்காரரின் எண்ணையும் தவறையும் சொல்வார். அந்தப் பெண் தடத்தை விட்டு வந்து உங்கள் முன்னால் நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்த நொடியில் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். தண்டனை 30 விநாடி. 10 விநாடி மீதி இருக்கும்போது எழுந்திருக்கச் சொல்ல வேண்டும், எழுந்து நிற்பார். நேரம் முடிந்ததும் போகச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் ஜாம் முடிந்து நான்கு விசில் கேட்டால் வாட்சை நிறுத்த வேண்டும். அடுத்த ஜாம் தொடங்கும் விசிலோடு மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு அணி ஜாமர்களும் பெட்டிக்கு வந்துவிட்டால் கணக்கே வேறு: முதலில் வந்தவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, இரண்டாமவருக்கும் அவ்வளவுதான். எதிரே இருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு, கோபத்தில் சிவந்து, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் கட்டைவிரல் மட்டும் தப்பக் கூடாது. ஒரு ஆள் 7 தண்டனை வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும் என்பதால், பதிவு செய்பவரின் காகிதத்துக்கும் அவ்வளவு மதிப்பு.

இந்த வேலைக்கு வயது கிடையாது, கால் பலம் வேண்டாம். உங்கள் ஹாலுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களை முதலில் கூப்பிடுங்கள்.

உதகை_வேகம்:

குன்னூர் அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஆடவே தெரியாத குழுவுக்குத் தண்டனைப் பெட்டி எதற்கு? முதலில் ஸ்கேட்டிங். கால் நிற்காவிட்டால் எந்த விதியும் உதவாது.

அந்த மகளிர் சங்கத்தின் பழைய குறைந்தபட்சத் தகுதியில் 5 நிமிடத்தில் 27 சுற்று என்று ஒரு தேர்வு இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம், ஆனால் அதன் நோக்கம் சரியானது: களைத்த பிறகும் வளைவில் காலைக் குறுக்கே போட்டுத் திரும்பத் தெரிகிறதா என்று பார்ப்பது. நம்மிடம் அதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் ரிலேயில் வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைக்காரர், 2025ல் உலக சாம்பியனே ஆகிவிட்டார். இதையெல்லாம் பெற்றோரிடம் சொல்லுங்கள். சக்கரக் காலணி சிறுபிள்ளை விளையாட்டு என்கிற நினைப்பு போகும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். டெர்பிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு சக்கரம் இருக்கிற குவாட் ஸ்கேட்தான். உங்கள் பிள்ளைகள் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கிற இன்லைன் போட்டுப் பழகியிருந்தால் நிற்கும் விதமே மாறும். முனையில் இருக்கும் டோ ஸ்டாப்பை வைத்து நிற்பது, பின்னோக்கிப் போய் அதன் மேல் ஏறுவது எல்லாம் புதிதாகப் பழக வேண்டும். இன்னொன்று, கோயம்புத்தூரிலிருந்து யாராவது நட்பு ஆட்டத்துக்கு வந்தால் முதல் நாளே ஆட விடாதீர்கள். உதகை 2200 மீட்டருக்கு மேல். கோத்தகிரி கொஞ்சம் கீழே என்றாலும் சமவெளிக்காரர்களுக்கு இரண்டாவது ஜாமிலேயே மூச்சு முட்டும்.

டெர்பி_தங்கை:

நான் இந்தக் குழுவில் ஆடுகிறவள். கோச் அண்ணா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேகம் பயமில்லை. விழுவதுதான் பயம். விழத் தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு முட்டி மடங்கியது, அதுவரை எத்தனை தடவை "கீழே உட்கார்" என்று கத்தினாலும் உடம்பு கேட்கவில்லை. ஒரு முட்டியில் இறங்குவது, இரண்டு முட்டியிலும் இறங்குவது, இறங்கும்போதே கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொள்வது, கையை ஊன்றாமல் எழுவது. விரலை விரித்துத் தரையில் வைத்தால் பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறிவிடும் என்று ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களை மடக்கிக் காட்டினார். அந்த அக்கா கோச் இல்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஆட முடியாதவர். அவர் மாதிரி ஒருவர் ஒவ்வொரு வாரமும் புதிதாக வருகிறவர்களோடு ஓரத்தில் நின்றால் பாதிப் பேர் விட்டுப் போகாமல் இருப்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள். பயிற்சியில் சொல்லித் தருகிறவரும், ஆட்டத்தன்று பெஞ்சில் நின்று யார் இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். ஒரு ஜாமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 30 விநாடிதான். அதற்குள் நாலு பிளாக்கரும் ஒரு ஜாமரும் தடத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் "முட்டியை மடக்கு" என்று பாடம் கேட்க முடியாது. யாருடைய பெயரை எப்போது சொல்வது, யார் களைத்திருக்கிறார், யார் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க ஒருத்தர் தனியாக வேண்டும்.

வெலிங்டன்_நர்ஸ்:

முதலுதவி பற்றி யாரும் பேசவில்லையே. பெரிய ஆட்டங்களில் மருத்துவப் பயிற்சி உள்ளவர்கள் தடத்தருகே இல்லாமல் முதல் விசில் ஊதமாட்டார்கள். நம் ஊரில் 108க்குச் சொன்னால் வண்டி வளைவு வளைவாக ஏறி வர வேண்டும். ஆகவே முதல் கால் மணி நேரம் நம் கையில்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட், பல் காப்பு, முழங்கைப் பேடு, மணிக்கட்டுக் காப்பு, முட்டிப் பேடு, இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்குத் தடத்துக்குள் விடாதீர்கள். வீட்டில் இருக்கிற சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டு வருவார்கள். அது ஒரே ஒரு பலமான அடியைத் தாங்குவதற்காகச் செய்தது. டெர்பியில் திரும்பத் திரும்ப விழுவீர்கள். ஸ்கேட்டிங்குக்கு என்று தனியாகச் செய்த ஹெல்மெட் வாங்குங்கள். கணுக்காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல், ஐஸ், அசையாமல் கட்ட அட்டையும் பேண்டேஜும் ஹாலிலேயே இருக்கட்டும்.

தலையில் அடி பட்டவர் மயங்கவில்லை என்பதற்காக மறுபடி இறக்கிவிடக் கூடாது. தலைவலி, குமட்டல், மந்தமான பேச்சு, வெளிச்சம் கூசுவது, சொன்னதையே திரும்பக் கேட்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அடுத்த பயிற்சியும் கிடையாது. இந்த முடிவைக் கோச் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அவருக்கு அந்த ஜாமர் தேவைப்படுவார். முதலுதவிக்கு நிற்கிறவர் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். ஞாயிறுகளில் டியூட்டி இல்லாவிட்டால் நான் வருகிறேன்.

அருவங்காடு_அம்மா:

என் மகள் எட்டாம் வகுப்பு. அவளை அனுப்பலாமா வேண்டாமா என்று இந்த இழையைத் தினமும் படிக்கிறேன். உறவுக்காரர்கள் "பொண்ணுக்கு முகத்துல அடிபட்டா யார் பொறுப்பு" என்று கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, பெரியவர்களோடு மோத விடுவார்களா? அப்புறம், பெண் பிள்ளைகளோடு ஹாலில் யார் இருப்பார்கள்?

குன்னூர்_விசில்:

அருவங்காடு அம்மா, உங்கள் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஜூனியர் டெர்பியில் மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் மோதலே இல்லை; உடம்பைக் குறுக்கே வைத்து வழி மறிக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவதில் சாய்ந்து தள்ளலாம், ஆனால் வேகம் எடுத்து வந்து இடிக்கக் கூடாது. மூன்றாவதில்தான் முழு மோதல். அதிலும் தோள், மேல்கை, உடம்பு, இடுப்பு இவற்றால்தான். முழங்கை, தலை, முதுகில் தள்ளுவது எல்லாம் தண்டனை. உங்கள் மகள் முதல் படியில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம். பெரியவர்களோடு ஒரே தடத்தில் மோதலுக்கு விடவே கூடாது. வேறு வேறு நேரம் வையுங்கள்.

ஹாலில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். இது கட்டாயம். கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலைமை வரக் கூடாது. தொண்டு செய்ய வருகிற ஒவ்வொருவருக்கும் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வருகிறவர் மனம் புண்படுமோ என்று தயங்காதீர்கள். புண்படுகிறவர் பிள்ளைகள் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள் அம்மா. ஸ்டாப்வாட்ச் கொடுக்கிறேன்.

கூடலூர்_மழை:

தரையைப் பற்றிக் கேட்கிறேன். எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் ஹாலுக்குள்ளேயே சிமென்ட் தரை வியர்க்கும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உதகை_வேகம்:

கூடலூர், உதகைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையிலேயே போய்விடும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை, அப்போது ரோடு சரிந்தால் ஆட்களே வர முடியாது. ஆகவே நம் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே அட்டவணை சரிப்படாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் எல்லாருக்கும் பொதுவாகக் காய்ந்த காலம், அதில் ஆட்டம் வையுங்கள். ஏப்ரல், மே சீசனில் பாதிப் பேர் கடையிலும் லாட்ஜிலும் நிற்பார்கள், ஹாலும் கிடைக்காது.

தரை வியர்த்தால் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு ஷூவோடு பயிற்சி செய்யுங்கள். மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நிற்பது, நாலாவது ஆள் அவர்களுக்கு எதிர்முகமாக நின்று முட்டுக் கொடுப்பது, ஜாமர் பக்கம் மாறும்போது சுவரும் சேர்ந்து நகர்வது. இதையெல்லாம் தரையில் நடந்தே பழகலாம். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க ஒருவரை நியமியுங்கள். நம் பனியில் ஒரு வாரம் பையிலேயே விட்டால் துருப்பிடித்துவிடும்.

தடம் பற்றி: அகலம் குறுகிய இடத்தில் 13 அடி, விரிந்த இடத்தில் 15 அடி. வெளியே நடுவர்கள் ஓட 10 அடி விட்டால் மொத்தம் 108க்கு 75 அடி வேண்டும். ஒரு கூடைப்பந்து மைதானத்தில் அடங்காது. பயிற்சிக்கு வெளி வழியைக் குறைத்துக்கொள்ளலாம், தடத்தைக் குறைக்காதீர்கள். கோட்டுக்குச் சாக்பீஸ் போதாது தம்பி. மெல்லிய கயிறு போட்டு மேலே டேப் ஒட்டுங்கள். கீழே பார்க்காமலே சக்கரத்தில் கோடு தட்டுப்படும்.

கோத்தகிரி_ஸ்கேட்டர்:

நிறையத் தெளிவு கிடைத்தது. ஒரு சங்கடமான கேள்வி. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களை என்ன செய்வது? சம்பளம் கொடுக்காத ஆளை எப்படிக் கேட்பது? ஹால் வாடகைக்கே எல்லாரும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம்.

குன்னூர்_விசில்:

"உதவிக்கு வாங்க" என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். "10 மணி முதல் 12 வரை ஜாம் டைமர் நீங்கள்" என்று சொன்னால் வருவார்கள். வேலைக்குப் பெயரும் நேரமும் இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆளும் இருக்க வேண்டும். முதல் தடவை வருகிறவரைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். தனியாக விட்டுப் பதற வைத்தால் அடுத்த வாரம் போன் எடுக்க மாட்டார்.

ஆடுகிறவர்களுக்கு ஒரு விதி வையுங்கள்: மாதத்தில் ஒரு முறையாவது ஸ்கேட் கட்டாமல் வந்து பேனாவோ வாட்சோ பிடிக்க வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரருக்கும் விலக்கில்லை. தவறுகளைப் பதியும் காகிதத்தைக் கையில் வைத்திருக்கும்போதுதான், தான் எத்தனை முறை முதுகில் தள்ளுகிறோம் என்று தெரியும். நம் தங்கை சொன்ன அந்த முட்டி ஆபரேஷன் அக்காவுக்கு ஒரு பதவி கொடுங்கள், பெயரை எழுதி ஒட்டுங்கள். ஆட முடியாமல் போனவர்கள் ஓசையில்லாமல் விலகிப் போவதுதான் எல்லாக் குழுவிலும் நடக்கிறது. அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களோடு போய்விடும்.

நடுவரிடம் கத்துவதை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். டெர்பியில் கேப்டனும் அவருக்கு மாற்றாகக் குறிக்கப்பட்டவரும் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற ஆள் திட்டு வாங்கிக்கொண்டு போனால், அப்புறம் உங்களுக்கு ஆட்டமே இல்லை. இதைக் கோச் செய்து காட்ட வேண்டும், சொன்னால் போதாது.

அப்புறம் டீ, வடை, பஸ் காசு. எஸ்டேட்டிலிருந்து வருகிற பெண்ணுக்குக் கடைசி பஸ் போய்விட்டால் கொண்டுபோய் விட யார் என்று காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

உதகை_வேகம்:

அக்கா, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு எல்லையோடு. கோச்சின் நேரத்தை விடுவிக்கத்தான் இத்தனை பேர். விடுவித்த நேரத்தில் அவர் ஸ்கேட்டிங் சொல்லித் தர வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தேசியப் போட்டிகளில் டெர்பி ஒரு பிரிவாக வந்த பிறகு, ஆசையோடு வருகிற பிள்ளைக்கு அடிப்படை சரியாக இல்லாமல் போனால் அது நம் குறை.

அருவங்காடு_அம்மா:

போன ஞாயிறு கோத்தகிரி வந்து ஓரமாக நின்று பார்த்தேன். மகள் விழுந்தாள், கையை மூடிக்கொண்டுதான் விழுந்தாள், எழுந்தாள். அவளை முதல் படியில் சேர்க்கிறேன். எனக்குப் பெட்டி வேலை கொடுங்கள். விதி அச்சிட்ட தாள் இருந்தால் தமிழில் வேண்டும், நான் வீட்டில் படித்துக்கொண்டு வருகிறேன்.

கோத்தகிரி_ஸ்கேட்டர்:

சரி, இப்படிச் செய்கிறோம். காலை 8 முதல் பிள்ளைகள், முதல் படி மட்டும், இரண்டு பெரியவர்கள் உள்ளே. 10 முதல் பெரியவர்கள்; அதில் முதல் அரை மணி விழுவதும் எழுவதும், அது முடிந்த பிறகு உதகை அண்ணன் சொன்ன வளைவுப் பயிற்சி. புதியவர்கள் ஓரத்தில் அந்த அக்காவோடு. கடைசியில் இரண்டு மூன்று ஜாம் முழு அலுவலர்களோடு. பெஞ்சை டெர்பி_தங்கை பார்க்கட்டும். முதலுதவியில் வெலிங்டன் மேடம் சொல்வதே முடிவு. தண்டனைப் பெட்டி விதிகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதுகிறேன். அக்கா ஒரு முறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் ஜெராக்ஸ் போட்டுவிடுவேன்.

கூடலூர்_மழை:

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வருகிறோம், ஆட இல்லை, பார்த்துப் பழக. கயிறும் டேப்பும் நாங்கள் வாங்கி வருகிறோம்.

குன்னூர்_விசில்:

தாளை அனுப்புங்கள் தம்பி, இன்று இரவே பார்த்துவிடுகிறேன். ஸ்டாப்வாட்ச் என்னிடம் நாலு இருக்கிறது, விசிலும் இருக்கிறது. பெட்டிக்கு நாற்காலி மட்டும் ஹாலில் கேட்டு வையுங்கள், கை வைத்த நாற்காலி வேண்டாம். பேடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழ முடியாது.